ஏறாத எண்

பத்து ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்தேன். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருடைய சிகிச்சைப் புத்தகங்களில் சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையை என் கையால் எழுதியிருக்கிறேன். அவற்றில் அநேகமாக எதுவும் இப்போது நினைவில் இல்லை. ஒரே ஒருவருடைய எண்கள் மட்டும் வரிசை மாறாமல் மனத்தில் நிற்கின்றன: 19, 92, 128, 163, 171, 158, 176, 149. இவை 2013 ஆகஸ்டிலிருந்து 2017 பிப்ரவரி வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கு. அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுபவர், முதல் முறை வந்தபோது 46 வயது, என்பது போதும். இந்த எட்டு எண்களையும் வைத்துக்கொண்டு அவரிடம் நான் நடந்துகொண்ட விதம்தான் வேலையை விட்ட பிறகும் என்னை விடாமல் இருக்கிறது.

அவர் வந்தபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வாயெல்லாம் வெள்ளை படிந்திருந்தது, எடை 38 கிலோ. எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பார்த்த பிறகு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய அணுக்கள் அவருக்கு 19 இருந்தன. வழக்கமான பாடத்தை நான் அன்றும் சொன்னேன்: சிடி4 அணுக்கள் உடலின் போர்வீரர்கள், வைரஸ் அவர்களைக் கொல்கிறது, மாத்திரை வைரஸை அடக்கும், வீரர்கள் மறுபடியும் பெருகுவார்கள். எங்களிடம் இருந்த படங்களிலும் வேலும் கேடயமுமாக அப்படித்தான் வரைந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், "ஒழுங்கா மாத்திரை போட்டீங்கன்னா நம்பர் தானா ஏறிடும், ஐயா" என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தில் ஓர் உறுதிமொழியும் ஒரு மிரட்டலும் ஒன்றாகக் கலந்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதல் மூன்று வாரங்கள்

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது, இரவெல்லாம் காய்ச்சல், "மாத்திரை போட்ட பெறவுதான் இது வந்திச்சு, நிறுத்திடலாமா?" என்று கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. ஒரு மனிதனுக்கு மருந்து கொடுத்த பிறகு அதுவரை இல்லாத கட்டி ஒன்று கிளம்பினால் மருந்தைச் சந்தேகிப்பதுதான் இயல்பு. ஆனால் மிகத் தாமதமாகச் சிகிச்சை தொடங்குபவர்களிடம் நடப்பது இதற்கு நேர்மாறானது. அவர் உடலில் காசநோய்க் கிருமி முன்பே இருந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த சளிப் பரிசோதனையிலும் மார்பு எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. வீக்கம், காய்ச்சல், சீழ் ஆகியவை பெரும்பாலும் கிருமியின் வேலையல்ல, கிருமியை எதிர்க்கும் உடலின் வேலை. 19 அணுக்களை வைத்துக்கொண்டு அந்த உடலால் ஒரு சிறு வீக்கத்தைக்கூட உண்டாக்க முடியவில்லை. மருந்து வைரஸை அடக்கத் தொடங்கியதும் எதிர்ப்புச் சக்தி கண்விழித்து, வீட்டுக்குள் பல மாதமாகக் குடியிருக்கும் திருடனைக் கண்டு கூச்சல் போட்டது. ஊசியால் எடுத்த நீரில் காசநோய்க் கிருமி இருந்தது. மாத்திரையை நிறுத்தாமல் காசநோய் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கட்டி வடிந்தது.

மருத்துவர்கள் இதை 'ஐரிஸ்' என்பார்கள். எதிர்ப்புச் சக்தி மீளும்போது எழும் அழற்சி என்று பொருள். எண் எவ்வளவு கீழே இருந்து தொடங்குகிறதோ, அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா என்ற கேள்விக்குக் கம்போடியாவில் 661 காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் விடை தந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு எண்ணிக்கை 25 அல்லது அதற்கும் கீழே. காசநோய் மருந்து தொடங்கி இரண்டே வாரத்தில் கூட்டு மருந்தையும் தொடங்கியவர்களுக்கு அழற்சி அதிகம் வந்தது, ஆனாலும் எட்டு வாரம் காத்திருந்தவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் உயிர் பிழைத்தார்கள். மூளையைச் சுற்றி நோய் இருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்தவர்களுக்கு அவசரமாகத் தொடங்கினால் இறப்பு கூடும் என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2014-இல் காட்டியது. கழுத்தில் வீங்குவதற்கு இடம் இருக்கிறது, மண்டையோட்டுக்குள் இல்லை. நான் இதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். அந்த மகனுக்குத் தொலைபேசியில் நான் சொன்னது, "நிறுத்தாதீங்க, உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்பது மட்டும்தான். அந்த ஆண்டு நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

விதைநெல்

அதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. ஆறு மாதத்தில் 92. எடை 51 கிலோ. தனியாகப் பேருந்தில் வந்தார், வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். ஓராண்டில் 128, ஒன்றரை ஆண்டில் 163. பிறகு எண் நின்றுவிட்டது. 171 என்றும் 158 என்றும் 176 என்றும் ஒரே இடத்தில் கால் மாற்றிக்கொண்டு நின்றது. அவருக்குப் பின்னால் வந்து 300-இல் தொடங்கியவர்கள் 600, 700 என்று போய்க்கொண்டிருந்தார்கள். எண்ணை ஒரு மதிப்பெண் பட்டியலாக ஆக்கியிருந்தோம். ஏறியவர்களை எல்லோர் முன்னிலும் பாராட்டினோம். வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என் அறைக்குள் வந்ததும் முதலில் கேட்பது, "எவ்வளவும்மா ஏறியிருக்கு?" என்பதுதான்.

அவருக்கு ஏன் ஏறவில்லை என்பதை நான் பிற்பாடுதான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் சில மாதங்களில் எண் வேகமாக ஏறுவதைப் பார்த்து உடல் புது அணுக்களை உண்டாக்குகிறது என்று நாங்கள் மகிழ்ந்தோமே, அது பெரும்பாலும் புதியது அல்ல. நிணநீர் முடிச்சுகளில் அழற்சியால் சிக்கிக் கிடந்த, நோய்களை முன்பே சந்தித்த பழைய நினைவு அணுக்கள், வைரஸ் அடங்கியதும் இரத்தத்துக்குத் திரும்புகின்றன. பிழைக்கப் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் திரும்பினால் ஊரின் மக்கள்தொகை பெருகியதாகத் தோன்றுவதைப் போன்றது அது. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான விளைச்சல்: இதுவரை எந்த நோயையும் சந்திக்காத புதிய அணுக்களை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி பக்குவப்படுத்தி அனுப்ப வேண்டும். வயது ஏற ஏற அந்தச் சுரப்பி சுருங்கிக் கொழுப்பாகிவிடுகிறது. 46 வயதில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. தாமதமாக வருபவர்களிடம் அந்தப் புதிய அணுக்களின் கையிருப்பும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அது மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் அழற்சியில் வெந்த நிணநீர் முடிச்சுகளுக்குள் தழும்பு நார் படர்ந்துவிடுகிறது. அணுக்கள் தங்கிப் பிழைப்பதற்கான இடமே குறைந்துபோகிறது. உடலின் சிடி4 அணுக்கள் பெருமளவு குடியிருப்பது குடலின் உட்சுவரில். தொற்றிய முதல் வாரங்களிலேயே வைரஸ் அங்கேதான் பேரழிவை உண்டாக்குகிறது, அந்தச் சுவரும் முழுமையாக மீள்வதில்லை. அதன் வழியே குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருப்பதால், வைரஸ் அடங்கிய பிறகும் உள்ளே அழற்சியின் தணல் அணையாமல் இருக்கிறது.

பின்னாளில் இதை அவரிடம் என்னால் முடிந்தவரை எளிமையாக விளக்கியபோது, நான் முடிப்பதற்குள் அவரே, "அப்ப வெதநெல்லையே அவிச்சுத் தின்னுப்புட்டேன்னு சொல்லுங்க" என்றார். பஞ்ச காலத்தில் வேறு வழியில்லாமல் விதைநெல்லில் கைவைத்த வீட்டைப் பற்றி அவர் ஊரில் சொல்வார்களாம்: அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் அந்த வீடு எழ நாளாகும். வேலும் கேடயமும் வைத்து நான் பத்து ஆண்டுகள் சொல்லியதைவிட அது எவ்வளவோ சரியாக இருந்தது. வீரர்கள் என்று சொன்னால் ஆள் சேர்ப்பது மனஉறுதியைப் பொறுத்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. விதைநெல் என்று சொன்னால் அப்படி வராது.

நாள்காட்டித் தாள்கள்

2017 பிப்ரவரியில் எண் 149-க்கு இறங்கியிருந்தது. இன்றைக்கு யாராவது என்னிடம் 176-இலிருந்து 149 ஆனது என்று சொன்னால் நான் கவலைப்பட மாட்டேன். சிடி4 என்பது காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும் எண். முந்தின வாரம் ஒரு காய்ச்சல் வந்து போனாலே குறையும். எந்த நோயும் இல்லாமல், கருவியின் தவறும் இல்லாமல் ஐந்தில் ஒரு பங்கு முன்பின் ஆவது சாதாரணம். மேலும், இரத்தத்தில் ஓடுபவை உடலின் மொத்த நிணநீர் அணுக்களில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். நாம் பார்ப்பது சன்னல் வழியே தெரியும் ஒரு துண்டு வீதியை மட்டும். இவ்வளவும் அன்றைக்கும் உண்மையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியாது, அல்லது தெரிந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

மாத்திரை டப்பாவைக் கேட்டேன். முப்பது மாத்திரை, இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது, இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. மாதாமாதம் அவருக்கு எப்போதும் சரியாகவே இருக்கும். அந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்குத் தெரியும், கணக்கு மிகச் சரியாக இருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். மாத்திரையை விட்டுவிடுபவர்கள் மையத்துக்கு வரும் வழியில் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, "ஐயா, உண்மையைச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்" என்று தொடங்கினேன். அப்படித் தொடங்குவது திட்டுவதைவிட மோசமானது என்பதை இப்போது உணர்கிறேன். அவர் "ராத்திரி ஒம்போது மணிக்குப் போட்டுட்டுத்தாம்மா படுப்பேன்" என்றார். நான் எண்ணைக் காட்டி, "அப்போ இது ஏன் ஏறல?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள், சணலால் கட்டிய கட்டுகளாக, ஆண்டுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு தாளின் மூலையிலும், நல்ல நேரம் அச்சிட்டிருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், நீல மையில் ஒரு கோடு. மாத்திரை போட்டதும் அன்றைய தாளைக் கிழித்து ஒரு கோடு கிழித்து டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார், முதல் நாளிலிருந்து. மேசைமேல் அவற்றை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். நான் ஒரு கட்டை எடுத்துப் புரட்டினேன். அப்போது என் மனத்தில் ஓடியது இதுதான்: ஒரே இரவில் உட்கார்ந்துகூட இவ்வளவு கோடும் போட்டுவிடலாமே. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோடுகளின் மை ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தின் விதிகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னை நானே நாடகமாக்கிக்கொள்வதாகிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்பதை நேரடியாகக் காட்டுவது, இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு சோதனை. அரசுத் திட்டத்தில் அப்போது எல்லோருக்கும் அது கிடையாது. சிகிச்சை தோற்கிறது என்று சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும். சந்தேகத்துக்கான அளவுகோல் சிடி4: எண் தொடக்க நிலைக்கே திரும்பியிருக்க வேண்டும், அல்லது உச்சத்திலிருந்து பாதியாக விழுந்திருக்க வேண்டும், அல்லது 100-க்குக் கீழேயே தொடர்ந்து இருக்க வேண்டும். அவருடைய எண் இந்த மூன்றிலும் சேரவில்லை. சோதனைக்கு அனுப்பும் அளவுக்கு மோசமும் இல்லை, நம்பும் அளவுக்கு நன்றாகவும் இல்லை. சந்தேகப்படுவதற்கு ஆள் இருந்தது, அதைத் தீர்க்க வழி இல்லை. அந்த இடைவெளியில் எத்தனை பேரை எத்தனை ஆலோசகர்கள் பொய்யர்களாக்கினார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

2018-இல் வைரல் லோடு சோதனை எல்லோருக்கும் வழக்கமானது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய முடிவு வந்தது: வைரஸ் கண்டறியப்படவில்லை. கூடவே எடுத்த சிடி4 168. நான் இரண்டையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வைரஸ் அளவிட முடியாத நிலையில் இருப்பதால் உடலுறவின் வழி மனைவிக்குத் தொற்றும் அச்சம் இனி வேண்டாம் என்பதையும் சொன்னேன். அவர் மனைவி ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டு தொற்று இல்லாமலேயே இருந்தார். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்ப நான் பொய் சொல்லலதானேம்மா?" என்றார். கோபம் இல்லாமல், ஒரு ரசீதைச் சரிபார்ப்பவரைப் போலக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அரசு மருத்துவமனையில் நோயாளியிடம் யாரும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததாலோ என்னவோ, அவர் பதறிப்போய், "அதெல்லாம் எதுக்கும்மா" என்று எழுந்துவிட்டார்.

தாமதம் யாருடையது

"தாமதமா வந்துட்டீங்க" என்பது எங்கள் மையத்தில் மிகச் சாதாரணமாகப் புழங்கிய வாக்கியம். அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2011-இல் அவருக்கு முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பக்கமாக அக்கி வந்திருக்கிறது. குயவர் வீட்டில் செங்காவி குழைத்து அக்கி எழுதினார்கள், ஆறிவிட்டது. பிறகு மாதக்கணக்கில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரண்டு மூன்று மருத்துவர்களிடம் போயிருக்கிறார், ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது சொச்சம் வயதில் ஒருவருக்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்யச் சொல்ல வேண்டும் என்பது குயவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்கள் யாரும் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. கர்ப்பிணிப் பெண்களை எப்படியாவது சோதித்துவிடுகிறோம். நடுவயது ஆண் ஒருவர் நோயில் விழும்வரை அவர் இரத்தத்தை யாரும் கேட்பதில்லை. மிகக் குறைந்த எண்ணோடு எங்களிடம் வந்தவர்களில் ஆண்கள் அதிகமாக இருந்ததில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. முன்கூட்டியே வந்தவர்களையும் நாங்களே தாமதப்படுத்தியிருக்கிறோம். 2004 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று, எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. பிறகு 350 ஆயிற்று, பிறகு 500. 2017-இல்தான் எல்லை நீங்கி, தொற்று உறுதியானதும் தொடங்கலாம் என்று ஆனது. அதுவரை 'இன்னும் மருந்து தொடங்காதவர்கள்' என்று தனிப் பதிவேடு ஒன்று இருந்தது. நன்றாக நடந்து வந்தவர்களிடம், "உங்களுக்கு இப்போ தேவையில்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். பலர் ஆறு மாதம் கழித்து வரவில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதைய மருந்துகளில் சில கடுமையானவை, ஸ்டாவுடின் தின்றவர்களின் கன்னம் ஒட்டிப்போனதையும் கால் எரிச்சலையும் பார்த்தவர்களுக்குத் தள்ளிப் போட்டதன் நியாயம் புரியும். பணமும் ஒரு காரணம். எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்த 4,685 பேரை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு 2015-இல் முடிவு சொன்ன பிறகுதான், உடனே தொடங்குபவர்களுக்குக் கடுமையான நோயோ சாவோ நேர்வது பாதியளவுக்கும் கீழே குறைகிறது என்பது ஐயமற உறுதியானது. அறிவு வர நாளாகும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த நாள்களின் விலையைக் கொடுத்தவரின் புத்தகத்தில் 'தாமதமாக வந்தவர்' என்று எழுதியது நாங்கள்.

எண்ணை ஏற்றிவிட்டால் போதும் என்ற ஆசை எங்களுக்கு மட்டும் இருந்ததல்ல. இன்டர்லூக்கின்-2 என்ற பொருளை ஊசியாகச் செலுத்தினால் சிடி4 ஏறுகிறது என்று கண்டு, ஏறத்தாழ 5,800 பேரிடம் ஆண்டுக்கணக்கில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். 2009-இல் முடிவுகள் வந்தன. எண் ஏறியது, நோயும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. ஊசியால் வரவழைத்த கூட்டம் வேலைக்கு உதவவில்லை. அதற்காக எண்ணே பொருளற்றது என்று சொல்ல வரவில்லை. வைரஸ் அடங்கியும் நெடுங்காலம் 200-க்குக் கீழே நிற்பவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்தான். அவர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், காசநோய்த் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும், மற்றத் தொற்றுகளைத் தடுக்கும் செப்ட்ரானை விடாமல் தொடர வேண்டும். அந்த எண் மருத்துவர் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. நோயாளி எதைச் செய்யவில்லை என்பதை அதனிடம் கேட்டதுதான் எங்கள் பிழை. எல்லோருக்கும் உடனே மருந்து என்று ஆன பிறகு, இனி சிடி4 எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இன்னமும் 30-உம் 40-உமாக வந்து சேர்பவர்கள் இருக்கும்வரை எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை.

கடைசியாக அவரை 2022-இல் பார்த்தேன். அதற்குள் டோலுடெக்ராவிர் சேர்ந்த புதிய மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். பழைய மாத்திரையில் இரவெல்லாம் வந்த கெட்ட கனவுகள் நின்றுவிட்டன என்றார். அந்த முறை எண் 231. ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக 200-ஐத் தாண்டியிருந்ததால் நான்தான் அவரைவிட மகிழ்ந்தேன். அவர் துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "மத்தது எல்லாம் சரி, இந்த வெள்ளை மாத்திரை தொண்டைல சிக்குதும்மா, அருவாமணையில வச்சு ரெண்டா நறுக்கித்தான் போடுறேன். இதையாவது நிறுத்தச் சொல்லுங்களேன்" என்று செப்ட்ரானைக் காட்டினார். 350-ஐத் தாண்டி நிலைத்தால்தான் நிறுத்துவார்கள் என்றேன். "அந்த நம்பரா?" என்று சிரித்துவிட்டு, மூன்றரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்.